கனடாவிலிருந்து வந்த சால்மன் ரீல் கரகரவென்கிறது, தூக்கிப் போடவேண்டுமா?

பாலக்கோடு பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. வான்கூவரில் வேலை பார்க்கும் அவருடைய மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஊருக்கு வந்தபோது தான் சால்மன் பிடித்த இரண்டு ரீல்களைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்று வழக்கமான ஸ்பின்னிங் ரீல். இன்னொன்று தட்டையாக வட்டமாக, உள்ளே பல்சக்கரம் எதுவும் இல்லாதது போலத் தெரிவது. இரண்டு வருஷம் பரணில் கிடந்தன. இப்போது எடுத்துப் பார்த்தால் ஸ்பின்னிங் ரீல் கரகரவென்று இறுகிச் சுற்றுகிறது, வட்ட ரீலில் தூண்டில் நரம்பை இழுத்தால் கைப்பிடியும் சேர்ந்து பின்னால் சுற்றுகிறது. கடைக்காரர் இரண்டும் போச்சு, புதுசு வாங்கிக்கொள் என்றாராம். சரி செய்ய முடியுமா, கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் இதை வைத்து மீன் பிடிக்கலாமா, நம் பக்கம் சால்மன் கிடைக்குமா என்று மூன்று கேள்வி.

நான் காவேரிப்பட்டணத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அணைக்குப் போவேன், மற்ற நாளில் அணைக்குப் போகிறவர்களின் ரீல் என் மேசைக்கு வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சால்மன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நம் ஆற்றில் கிடையாது, கிடைக்கவும் வாய்ப்பில்லை. அது குளிர்ந்த நீர் மீன். கூழாங்கல் ஆற்றில் பொரிந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட வாசனை பிடித்துப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிற ஜாதி. கனடாவின் பசிபிக் கரையில் சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம் என்று ஐந்து வகை, ஐந்துமே முட்டையிட்டதும் செத்துப்போகும். அட்லாண்டிக் சால்மனில் மட்டும் சில பிழைத்து மறுபடி கடலுக்குப் போகும். ஓசூர் சூப்பர் மார்க்கெட்டில் ஆரஞ்சு நிறத் துண்டாக உறைபெட்டியில் இருப்பது பெரும்பாலும் வெளிநாட்டில் கடல் கூண்டில் வளர்த்தது. மீன் கடையில் இந்தியன் சால்மன் என்று எழுதிவைத்து விற்பது நம் கடலின் காலா மீன், அதற்கும் சால்மனுக்கும் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை.

ஆனால் அந்த மீனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் ரீல் ஏன் இப்படி இருக்கிறது என்று புரியும். சினூக்தான் அதில் பெரிசு. 1985-ல் அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 97 பவுண்டு, நம் கணக்கில் 44 கிலோ. சாதாரணமாகக் கிடைப்பது அதில் கால் பங்கு இருந்தாலும், கடலில் அது ஓட ஆரம்பித்தால் நிற்காது. அதனால் அந்த ஊர் ரீலில் நரம்பு நிறைய கொள்ளும், டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விடுகிற பிரேக், வழுவழுவென்று நரம்பை விடும், உலோகம் உப்புக்குத் தாங்குகிற மாதிரி இருக்கும். தாங்குகிற மாதிரி என்றுதான் சொன்னேன், உப்பு ஏறாது என்று சொல்லவில்லை.

இப்போது வட்ட ரீல். தம்பி, அது கெட்டுப்போகவே இல்லை. அதன் பிறவிக்குணமே அதுதான். பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரையில் சால்மனுக்கென்றே பயன்படுத்துகிற மூச்சிங் ரீல் அது. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலும் ஒரே ஒரு சுற்று, நடுவில் பல்சக்கரம் கிடையாது, நம் கிணற்று ராட்டினம் மாதிரி. மீன் இழுத்து ஓடினால் ஸ்பூல் பின்னால் சுற்றும், அதோடு கைப்பிடியும் சுற்றும். அந்த நேரத்தில் விரலைக் குறுக்கே வைத்தால் கைப்பிடி வந்து முட்டியில் அறையும், அதனாலேயே அந்த ஊர்க்காரர்கள் அதற்கு முட்டி உடைப்பான் என்ற அர்த்தத்தில் நக்கிள் பஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் கடைக்காரர் வாழ்நாளில் ஸ்பின்னிங் ரீல் மட்டுமே பார்த்திருப்பார், பின்னால் சுற்றினால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றும். அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன், எனக்கும் முதல் தடவை அப்படித்தான் தோன்றியது.

அதற்குச் செய்யவேண்டியது கொஞ்சம்தான். நடுவில் இருக்கும் திருகைக் கழற்றினால் ஸ்பூல் தனியாக வந்துவிடும். அச்சையும் அது உட்காரும் பேரிங்கையும் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, டிராக் வட்டுகளை எடுத்துப் பார்த்து மாட்டிவிடுங்கள். ரீலைக் கம்பில் கட்டுகிற கால் இருக்கிறதே, அதன் அடிப்பக்கத்தையும் அதில் இருக்கும் ஸ்க்ரூவையும் மட்டும் மறக்காதீர்கள், உப்பு முதலில் குடியேறுவது அங்கேதான்.

ஸ்பின்னிங் ரீல்தான் வேலை வைக்கும். திறக்கும் முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். மோட்டார் பட்டறையில் நாங்கள் ஸ்க்ரூ டிரைவர் முனையை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்போம், இங்கேயும் அது நடக்கும். ஸ்பூலைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். சத்தம் நின்றால் கோளாறு ஸ்பூலிலோ டிராக்கிலோ இருக்கிறது, உடம்பைத் திறக்கவே வேண்டாம். நிற்காமல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் கட்டென்று இடித்தால் பல்சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்திருக்கலாம், அல்லது ஒரு மணல் துணுக்கு பல்லிடுக்கில் உட்கார்ந்திருக்கலாம். சுற்று முழுக்க ஒரே சீராகக் கரகரவென்றால் பேரிங். வெறுமனே சுற்றும்போது சத்தமே இல்லாமல், நரம்பில் பாரம் வந்தால் மட்டும் கீச்சென்றால் லைன் ரோலர், அதாவது நரம்பு திரும்புகிற குட்டி உருளை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பேரிங்கும் அதோடு இறுகிப்போன கிரீஸும் என்று நினைக்கிறேன்.

திறப்பதற்கு முன் வீட்டில் ஒரு பழைய இட்லித் தட்டு கேட்டு வாங்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ரீல் பிரிப்பவர் தோற்பது பெரும்பாலும் திரும்ப மாட்டுகிற நேரத்தில்தான். ஒரு ஸ்க்ரூ நீளம், ஒன்று குட்டை, வட்டு ஒன்றின் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல், எது எங்கே இருந்தது என்று அரை மணி கழித்து யாருக்கும் நினைவிருக்காது. இட்லிக் குழியில் முதலாவது கழற்றியது முதல் குழி, இரண்டாவது இரண்டாம் குழி என்று போட்டுக்கொண்டே போனால், மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வரலாம். ஒவ்வொரு படியிலும் செல்போனில் ஒரு படம். என் வீட்டில் ஒரு தட்டு நிரந்தரமாக பட்டறைக்கு வந்துவிட்டது, அதைப் பற்றி இன்னமும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நரம்பை ஸ்பூலில் சுற்றவைக்க மடக்கித் திறக்கிற வளைந்த கம்பிதான் பெயில் கம்பி, அதன் ஸ்பிரிங் இருக்கும் பக்கத்தைத் திறக்கும்போது ரீலை ஒரு பெரிய பாலிதீன் பைக்குள் வைத்து, கையையும் உள்ளே விட்டுத் திறங்கள். ஸ்பிரிங் தெறித்தால் பைக்குள்ளேயே கிடக்கும். பை இல்லாமல் திறந்து, பட்டறைத் தரையில் இருந்த செம்புக்கம்பித் துண்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்பிரிங்கை இரண்டு மணி நேரம் தேடியவன் சொல்கிறேன்.

ஸ்க்ரூ தலைக்குப் பொருந்துகிற டிரைவர் வேண்டும், கிட்டத்தட்டப் பொருந்துவது போதாது. உப்பேறிய ஸ்க்ரூவில் வழுக்கினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் டிரில்தான். அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, நடுவில் உப்புத் தண்ணீர், இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். அந்த அரிப்புதான் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள், காலையில் டிரைவரை வைத்து அதன் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். இன்னொன்று, ஸ்பூலுக்குக் கீழே சுற்றுகிற ரோட்டரைப் பிடித்திருக்கும் நட் சில ரீல்களில் இடது மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பிக் கழலவில்லை என்றால் பலம் கொடுக்காதீர்கள், எதிர்ப்பக்கம் மெதுவாக முயன்று பாருங்கள்.

திறந்ததும் உள்ளே வெள்ளையாகப் பொடி தெரியும். அது இரண்டில் ஒன்று. கொஞ்சம் சுரண்டி ஒரு ஸ்பூன் வெந்நீரில் போடுங்கள். கரைந்தால் வெறும் உப்பு, சந்தோஷப்படலாம், கழுவினால் போய்விடும். கரையாமல் மாவு மாதிரி அடியில் தங்கினால் அலுமினியமே அரித்து உதிர்ந்தது, அந்த இடத்தைச் சுத்தம் செய்தபின் குழி இருக்கும், அதைப் பார்த்து முடிவெடுக்கவேண்டும். குழி வெளிச்சுவரில் இருந்தால் கவலை வேண்டாம். பேரிங் உட்காரும் வட்டத்தில் இருந்தால் பேரிங் ஆடும், அப்போது கடைக்காரர் சொன்னது பாதி சரி.

பழைய கிரீஸ் சாக்லேட் நிறத்தில் மெழுகாக இறுகியிருக்கும். உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும், அசிடோன், தின்னர் எல்லாம் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பித்தளைப் பல்சக்கரம் கறுத்திருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அது குத்துவிளக்கு இல்லை. கறுப்பு அப்படியே இருக்கட்டும், பல் முனை தேயாமல் இருந்தால் போதும். கழுவியதை வெயிலில் மொட்டை மாடியில் வைக்கவும் வேண்டாம், சித்திரை வெயிலில் தகரத்தின்மேல் வைத்த ஒரு ஸ்பூல் வளைந்ததைப் பார்த்திருக்கிறேன். நிழலில், ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி.

பேரிங்கைச் சோதிக்க ஊதுபத்திக் குச்சி. பத்தி எரிந்து தீர்ந்தபின் மிஞ்சும் மூங்கில் குச்சிகளை உள்வளையம் நிறையும் அளவுக்குச் சேர்த்து இறுக்கமாகச் செருகி, காதருகே பிடித்து வெளிவளையத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நல்ல பேரிங் ஸ்ஸ்ஸென்று மெதுவாக ஓய்ந்து நிற்கும். துருப்பிடித்தது கிரிச்சென்று நடுவிலேயே நிற்கும். மண்ணெண்ணெயில் இரண்டு மூன்று முறை அலசியும் கிரிச்சென்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள். கம்பெனி பேரிங்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்து, 5×11×4 மாதிரி மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டு போனால் பெங்களூர் பேரிங் கடைகளில் கிடைக்கும். ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது எல்லோரும் தப்பு செய்யும் இடம், எங்கே கிரீஸ், எங்கே எண்ணெய், எங்கே எதுவும் கூடாது என்பது. பல்லும் பல்லும் உரசுகிற இடத்துக்கு கிரீஸ். வேகமாகச் சுற்றுகிற பேரிங்குக்கும் லைன் ரோலருக்கும் மெல்லிய எண்ணெய், தையல் மிஷின் எண்ணெயே போதும், ஒன்றிரண்டு சொட்டு. கைப்பிடி பின்னால் சுற்றாமல் பிடிக்கிற ஒருவழி பேரிங் ஒன்று உள்ளே இருக்கும், சின்னச் சின்ன உருளைகளோடு, அதில் கிரீஸ் படவே கூடாது. அந்த உருளைகள் நகர்ந்து ஆப்பு மாதிரி இறுகினால்தான் கைப்பிடி நிற்கும், கிரீஸ் அவற்றை இடம் நகராமல் ஒட்டவைத்துவிடும்.

இது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம். பட்டறை புத்தியில் எல்லா இடத்திலும் தாராளமாக ஏ.பி.3 கிரீஸ் வைத்து மூடி, மார்கழிக் காலையில் தளி பக்கத்து ஏரிக்குப் போனேன். அந்தப் பக்கக் குளிர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் கடி, நல்ல கட்லா, கம்பை வெடுக்கென்று இழுத்தேன், கைப்பிடி பிடிமானமே இல்லாமல் பின்னால் சுழன்றது, நரம்பு தொளதொளவென்று விழுந்தது, முள்ளைத் துப்பிவிட்டு மீன் போயே போச்சு. வெயில் ஏறிய பிறகு அதே ரீல் ஒழுங்காகப் பிடித்தது. கிரீஸ் இளகியதுதான் காரணம் என்று புரிய எனக்கு இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கூட வந்தவர் இன்னும் ஒரு படி மேலே போய்த் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். அது 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும், அவர் ரீல் அன்று சுற்றவே இல்லை, பீடி பற்றவைத்த தீக்குச்சியில் சூடு காட்டிக்கொண்டிருந்தார். சமையலறை எண்ணெய் எதுவும் ரீலுக்கு ஆகாது, நாளானால் பிசினாகிவிடும்.

கிரீஸ் வாங்குவதென்றால் படகு இஞ்சினுக்கு விற்கிற, தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ் நல்லது. கிடைக்காவிட்டால் லித்தியம் கிரீஸைப் பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசுங்கள், பல் தெரியவேண்டும், பல்லிடுக்கு நிரம்பக் கூடாது. கறுப்பு கிராஃபைட் கிரீஸ் வேண்டாம், அது அலுமினிய அரிப்பை அதிகமாக்கும். ஸ்க்ரூ மரையில் மட்டும் ஒரு துளி கிரீஸ் தடவி முடுக்குங்கள், அடுத்த தடவை கழற்றும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள். டபிள்யூ.டி. 40 அடித்தால் போதாதா என்று வாரம் ஒருவர் கேட்கிறார். அது 1953-ல் ஈரத்தை விரட்டுவதற்காக நாற்பதாவது முயற்சியில் வந்த கலவை, பெயரிலேயே அது இருக்கிறது, டபிள்யூ.டி. என்றால் வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், ஈரத்தை விரட்டுவது. ஈரத்தை விரட்டும், துருவை இளக்கும், ஆனால் உள்ளே இருக்கிற கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். சுத்தம் செய்ய வைத்துக்கொள்ளலாம், அதையே எண்ணெயாக நினைத்து மூடிவிட்டால் ஒரு மாதத்தில் மறுபடி கரகர.

டிராக் பற்றிக் கொஞ்சம் விரிவாக, ஏனென்றால் சால்மன் ரீலின் உயிர் அங்கேதான். ஸ்பூல் தலையில் இருக்கும் குமிழுக்குக் கீழே வட்டுகள் அடுக்கி இருக்கும், உலோகம் ஒன்று, மெத்தென்ற வட்டு ஒன்று என்று மாறி மாறி. மெத்தென்றது கம்பளிபோல் இருந்தால் ஃபெல்ட், கறுப்பாகப் பாய்போலப் பின்னல் தெரிந்தால் கார்பன் ஃபைபர். ஃபெல்ட் காய்ந்திருந்தால் டிராக்குக்கென்று விற்கிற கிரீஸை நன்றாகத் தேய்த்து ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கார்பனைத் துடைத்துக் காயவைத்து அப்படியே மாட்டலாம், அதே கிரீஸை லேசாகப் பூசினாலும் தப்பில்லை. சாதாரண எண்ணெய் விட்டால் நழுவி நழுவிப் பிடிக்கும், அந்தக் குலுக்கலில்தான் நரம்பு அறும். பரணில் போடும்போது டிராக்கை இறுக்கியபடியே போட்டிருந்தால் ஃபெல்ட் அப்பளமாக நசுங்கியிருக்கும், புதுசு வாங்கவேண்டும். இனிமேல் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை டிராக்கைத் தளர்த்துவது.

எவ்வளவு இறுக்குவது என்பதைக் கைக்கணக்கில் விடாதீர்கள். சந்தையில் தொங்கவிட்டு நிறுக்கிற ஸ்பிரிங் தராசு ஒன்றை நரம்பு முனையில் கட்டி, கம்பைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். நரம்பு அறுகிற பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் ஸ்பூல் நகர ஆரம்பிக்கவேண்டும். 6 கிலோ நரம்பு என்றால் ஒன்றரையிலிருந்து 2 கிலோ. பார்க்க ரொம்பக் குறைவாகத் தெரியும். ஆனால் முடிச்சிலும் வளையங்களிலும் பலம் குறைகிறது, ஓடுகிற மீன் திடீரென்று உதறுகிறது, அதற்கெல்லாம் மிச்சம் வேண்டாமா? மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள், ஒரு அடி நரம்பும் உள்ளே வராது, முறுக்குதான் ஏறும். தூண்டில் வீசியபின் பெயிலைக் கையால் மடக்குங்கள், கைப்பிடியைச் சுற்றி டப்பென்று விழவைத்தால் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போகும், நரம்பும் சுருண்டு நிற்கும்.

லைன் ரோலர் என்று இரண்டு இடத்தில் சொன்னேன். பெயில் கம்பி முடிகிற ஓரத்தில் நரம்பு திரும்புகிற அந்தக் குட்டி உருளைதான். மொத்த ரீலிலும் அதிகம் தண்ணீர் படுவது அது, யாரும் எண்ணெய் விடாததும் அது. ஒரு நூலை அதன்மேல் போட்டு அழுத்தி இழுத்துப் பாருங்கள், உருளை சுற்றவேண்டும். நூல் மட்டும் வழுக்கிக்கொண்டு போனால் உள்ளே பிடித்திருக்கிறது. அப்படியே விட்டால் நரம்பு ஒரே இடத்தில் உரசி உருளையில் கோடு விழும், அந்தக் கோடு அப்புறம் நரம்பை ரம்பம் மாதிரி அறுக்கும்.

பரணில் கிடந்த நைலான் நரம்பை உருவிக் குப்பையில் போடுங்கள், அணைக் கரையில் போடாதீர்கள், கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும். பின்னல் நரம்பு சுற்றுவதானால் அடியில் பத்துச் சுற்று சாதா நைலான் போட்டுவிட்டுச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் மொத்த நரம்பும் ஸ்பூலில் வழுக்கிக்கொண்டே இருக்கும், டிராக் கெட்டுவிட்டது என்று என்னிடம் கொண்டுவருவீர்கள். விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள்.

நம் ஊர்த் தண்ணீர் நல்லதண்ணீர்தானே, கழுவ வேண்டுமா என்று கேட்பீர்கள். உப்பு இல்லை, சரி. ஆனால் தென்பெண்ணையில் பெங்களூர்ப் பக்கத்துக் கழிவு கலந்து கெலவரப்பள்ளியில் நுரை பொங்கி வருவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள், அதே ஆறுதான் கீழே கே.ஆர்.பி. அணைக்கும் வருகிறது. நுரை காய்ந்தால் ரீல்மேல் பிசுபிசுப்பாகப் படியும், அதில் தூசி ஒட்டும். கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கம் தூசி என்றால் வெறும் மண் இல்லை, கிரானைட் அறுத்த பொடியும் சேர்ந்தது, பல்சக்கரத்துக்கு உப்புத்தாள் மாதிரி. ரீலை மணலில் வைக்காதீர்கள், வண்டியில் கட்டிக்கொண்டு போகும்போது ஒரு பழைய காலுறைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். வந்ததும் ஈரத்துணியில் துடைத்தால் போதும். எப்போதாவது கடலுக்குக் கொண்டுபோனால் மட்டும் டிராக்கை இறுக்கி, மெல்லிய தூவலில் கழுவி, உதறிக் காயவைத்து, டிராக்கைத் தளர்த்துங்கள். பக்கெட்டில் முக்காதீர்கள், குழாயை வேகமாகப் பீய்ச்சி அடிக்கவும் வேண்டாம், இரண்டும் உப்பைக் கழுவுவதற்குப் பதிலாக உள்ளே அனுப்பும். உங்கள் மாமா நல்ல மனசோடு தினமும் அப்படித்தான் கழுவியிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கே.ஆர்.பி. அணைக்கு இந்த ஸ்பின்னிங் ரீல் தாராளம். கட்லாவும் ரோகுவும் சால்மன் மாதிரி பாய்ந்து ஓடாது, தலையைக் கீழே போட்டுக் கனமாக இழுக்கும், டிராக் நன்றாக இருந்தால் பொறுமையாகக் கரைக்குக் கொண்டுவரலாம். கேழ்வரகுக் களி உருண்டை போட்டு அடியில் படுக்கவையுங்கள், மைதாவைவிட ஜிலேபி மீன் குஞ்சுகள் கொத்திக் கரைப்பது இதில் குறைவு, இது என் அனுபவம். ஆனால் போவதற்கு முன் அங்கே மீன் பிடிக்கிற உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, கேட்டுவிட்டுப் போடுங்கள், அணையில் விடுகிற குஞ்சு சும்மா வருவதில்லை.

ஒகேனக்கல் பக்கம் போகிற ஆசை இருந்தால் அது வேறு கதை. காவிரியில் வெள்ளைக்காரர்கள் மஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பிடிக்க வந்தபோது அவர்கள் ஊர்ச் சால்மன் கம்பையும் ரீலையும்தான் கொண்டுவந்தார்கள், சால்மன் ரீல் நம் ஆற்றைப் பார்ப்பது புதுசு இல்லை. காவிரியில் சேருகிற கபினியில் 1946-ல் 120 பவுண்டு மஹ்சீர் சிக்கியது. இன்றைக்குக் காவிரியின் திமில் மஹ்சீர் அழிவின் விளிம்பில் இருக்கிறது, 2018-ல்தான் அதற்கு டோர் ரேமாதேவி என்ற அறிவியல் பெயர் உறுதியானது, அதே வருஷம் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. 2022-ல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு சரணாலயம் அறிவித்தார்கள், அந்த எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தூண்டில் பையோடு நிற்பதே வம்பு. எங்கேயாவது தவறி மஹ்சீர் சிக்கினால் கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் வைத்தே முள்ளை எடுத்து விட்டுவிடுங்கள். உங்கள் மாமா ஊரில் சால்மனுக்கு முள்ளில் கொக்கிச் செதில், அதாவது நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் கூர், இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, கட்டிங் பிளேயரால் அந்தச் செதிலை நசுக்கிவிட்டால் எடுப்பது சுலபம்.

வட்ட ரீலை நான் வேறு மாதிரி வைத்துக்கொள்வேன். அதை ஸ்பின்னிங் ரீல் போல வீச முடியாது. நரம்பைக் கையால் பத்துப் பதினைந்து மீட்டர் உருவி, ஒரு துண்டின்மேல் வளையமாக விட்டு, ஈயக்குண்டோடு வீசுங்கள், சின்ன வயசில் ரீல் இல்லாமல் நரம்பு வீசியது போலவே. அப்புறம் ஸ்பூல் சுற்றினால் சத்தம் எழுப்புகிற கிளிக்கரைப் போட்டு, கம்பைக் கவட்டையில் சாய்த்துவிட்டு உட்காருங்கள். மற்றவர்கள் கம்பு நுனியில் ஆட்டு மணி கட்டுவார்கள், உங்களுக்கு அது வேண்டாம், மீன் இழுத்தால் ரீலே டர்ரென்று கத்தும். கத்தியதும் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடிக்காமல், முதலில் உள்ளங்கையை ஸ்பூல் விளிம்பில் மெதுவாக வையுங்கள்.

ஸ்பின்னிங் ரீலைத் திறந்ததும் பல்சக்கரத்தையும் பேரிங் உட்காரும் வட்டத்தையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். குழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பேரிங் வாங்கலாமா வேண்டாமா சொல்கிறேன். அதுவரை காசு செலவழிக்காதீர்கள்.